புகார்: இல்லை

“என் மேல ஒரு புகார் சொல்ற ஆள் இனிமேதான் பொறந்து வரணும்.”

இதை அவள் வீட்டுக்குள் யாரோடோ சண்டை போடும்போது சொல்லவில்லை. மேடையில், மைக்கில், கையில் கண்ணாடிச் சட்டம் போட்ட பத்திரத்தோடு சொன்னாள். படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ள வீடுகளுக்கு ஆள் அனுப்பும் நிலையம் ஒன்றின் பத்தாம் ஆண்டு விழா அது. நூறு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள், அறுபது காலி. மீதி நாற்பதும் எழுந்து நின்று கை தட்டின. “சிறந்த பராமரிப்பாளர்” என்று பொன்னிற எழுத்தில் அடித்த பத்திரத்தை மேனேஜரே துடைத்துக் கொடுத்தார்.

அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல். அன்றைய தேதிவரை அவள் கையால் போய்ச் சேர்ந்தவர்கள் ஒன்பது பேர். ஒன்பது பேரில் ஒருவராவது நிலையத்துக்குப் போன் போட்டு, “உங்க ஆள் என்னைக் கொன்னுட்டாங்க, கொஞ்சம் கவனிங்க” என்று சொன்னதாகப் பதிவு இல்லை. விருது கொடுத்தால் ஊழியர்களுக்கு உற்சாகம் கூடும் என்று மேனேஜர் அன்று பேசினார். கூடியது. அடுத்த ஒன்றரை வருடத்தில் இன்னும் இரண்டு பேர். ஆக, பதினொன்று.

கொலைகாரி என்றதும் நம் மனதில் ஒரு படம் விரியும்: சிவந்த கண், கலைந்த தலை, பின்னணியில் இடி. மன்னிக்க வேண்டும். இவள் நாற்பத்தாறு வயது, குள்ளம், இழுத்துச் சீவிய தலை, மூக்குக் கண்ணாடிக்குக் கயிறு. நடந்தால் சத்தம் வராது. கைப்பையில் எப்போதும் ஒரு சுருள் பஞ்சு. அதனால் நிலையத்தில் அவளுக்கு “பஞ்சு சிஸ்டர்” என்று பெயர். மூன்றாவது மாடியில் ஒற்றை அறை வாடகை வீடு. கொடியில் ஒரு வெள்ளைக் கோட்டு காயும், இன்னொன்று அவள் மேல் இருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கேயோ ஒரு ஆண்மகன் அந்த விவரம் தெரியாமல் நிம்மதியாக மூட்டுவலித் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறான்.

அப்பா துணி வெளுத்துத் தேய்த்துக் கொடுத்தவர். மடிப்பு கோணாமல் அடுக்கிய துணிகளுக்கு நடுவில் வளர்ந்தவள், பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு ஒரு ஆஸ்பத்திரியில் ஆயாவாகச் சேர்ந்தாள். பெட்பேன் எடுப்பது, தரை துடைப்பது, பிணத்துக்கு முகம் துடைத்து விடுவது. பதினெட்டு வருடம். அங்கே அவளுக்கு “இந்தா” என்று பெயர். இந்தா, அதை எடு. இந்தா, இதை ஊத்து. பிறகு இந்த நிலையத்தில் சேர்ந்து வெள்ளைக் கோட்டு போட்டாள். அன்று காலையிலிருந்து “சிஸ்டர்” ஆனாள். நர்ஸ் படிப்பு படித்தாயா என்று யாரும் கேட்கவில்லை. கோட்டு வெளுப்பாக இருந்தது, போதாதா?

இனி, நிலையம் கொடுக்கும் தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நோயாளி ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு தாள். அச்சிட்ட எண் உண்டு. கிழித்துவிட்டு வேறு எழுத முடியாது. கட்டில் காலில் பரீட்சை அட்டையில் மாட்டியிருக்கும். காய்ச்சல் எவ்வளவு, நாடி எவ்வளவு, எத்தனை மணிக்கு என்ன கொடுத்தது, சிறுநீர் போனதா, தூங்கினாரா என்று பதினான்கு கட்டம். கடைசிக் கட்டம்: “சேவை பற்றி நோயாளியின் புகார்.” வெள்ளிக்கிழமை தாள்களை மேனேஜர் வாங்கிப் பார்ப்பார். என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பவர் அல்ல. காலிக் கட்டம் இருக்கிறதா என்று பார்ப்பவர். காலியாக இருந்தால் அரை நாள் சம்பளம் போச்சு. ஆகவே, அந்தத் தொழிலில் இருப்பவர்கள் அத்தனை பேரும் காலை எட்டு மணிக்கு வந்ததும் இரவு எட்டு மணி வரைக்குமான கட்டங்களை நிரப்பிவிடுவார்கள். சாயங்காலம் வரப்போகும் காய்ச்சல் காலையிலேயே வந்து இறங்கிவிடும். புகார்: இல்லை. பிறகு செல்போனைக் கையில் எடுத்தால் நிம்மதி.

பஞ்சு சிஸ்டரும் காலையிலேயே எழுதுவாள். ஆனால் அவள் சோம்பேறி அல்ல. எழுதியதை நடத்திக் காட்டுவாள். நாலு மணிக்குப் பால் என்று எழுதியிருந்தால், முள் நாலைத் தொடும்போது பால் உதட்டைத் தொடும். மத்தியானம் ஒரு மணி நேரம் தூங்கினார் என்று எழுதியிருந்தால், நோயாளி தூங்கியே ஆக வேண்டும். பதினோரு வருடத்தில் அவள் தாளில் ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. இப்படி ஒரு கடமை உணர்ச்சி எல்லாருக்கும் இருந்திருந்தால் நாம் ஒருத்தரும் மிஞ்சியிருக்க மாட்டோம்.

ஏன் கொன்றாள்? பணமா? சல்லிக்காசு எடுத்ததில்லை. நகையா? தொட்டதில்லை. குற்றப்பத்திரிகை எழுதிய அதிகாரி இந்த இடத்தில் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். விஷயம் ரொம்பச் சின்னது. புதிதாக ஒரு வீட்டுக்குப் போனால் முதல் மாதம் அவள் “சிஸ்டர்”. சாப்பாட்டு மேசையில் அவளுக்கும் ஒரு நாற்காலி. இரண்டாவது மாதம் “ஏங்க”. மூன்றாவது மாதம் தட்டு சமையலறை மேடைக்கு நகரும். நின்றுகொண்டு சாப்பிட வேண்டும். பாத்திரமும் கழுவச் சொல்வார்கள். பெயர் “இந்தாம்மா” ஆகிவிடும். ஆனால் நோயாளி போய்விட்டால் அதே வீடு அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழும். “சிஸ்டர், நீங்க இல்லன்னா நாங்க என்ன பண்ணியிருப்போம்!” வந்தவர்களிடமெல்லாம் அவளைக் காட்டுவார்கள். அந்த இரண்டு நாளுக்காகத்தான் பதினொரு உயிர்.

இதைக் கேட்டு யாருக்காவது அவள் மேல் இரக்கம் சுரந்தால், தயவுசெய்து அடக்கிக்கொள்ளுங்கள். நின்றுகொண்டு சாப்பிடுகிறவர்கள் உலகத்தில் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் யாரும் கட்டிலில் கிடக்கிறவர் பாலில் மாத்திரையைக் கரைப்பதில்லை. என்ன மாத்திரை, எத்தனை என்று நான் எழுதப்போவதில்லை. படிக்கிறவர்களில் யார் வீட்டில் மூன்றாவது மாதம் நடக்கிறதோ, யார் கண்டது?

அவள் ஒருத்தியாலேயே இதெல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தால் மற்றவர்களுடைய உழைப்பை அவமதித்ததாகும். முதலில் டாக்டர். வயதானவர்கள் வீட்டிலேயே இறந்தால் சான்றிதழ் தருகிறவர். படியேற மூச்சு வாங்குகிறது என்று, “மாரடைப்பு” என்று எழுதிக் கையெழுத்தும் போட்ட தாள்களை ஒரு கட்டாகப் பஞ்சு சிஸ்டர் கையிலேயே கொடுத்து வைத்திருந்தார். பெயரும் தேதியும் மட்டும் அவள் எழுதிக்கொள்ள வேண்டும். “நம்பிக்கையான பொண்ணு, அதான்” என்று விசாரணையில் சொன்னார். இன்றைக்கும் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார், நாக்கை நீட்டுங்கள் என்று ஊரையெல்லாம் கேட்டுக்கொண்டு.

அடுத்து, குடும்பங்கள். ஒரு ஜவுளிக்கடைக்காரர், தன் அம்மா போன பதினெட்டாம் நாள் மேனேஜருக்குப் போன் போட்டார்.

“சார், அந்த சிஸ்டர் ஃப்ரீயா இருக்காங்களா? என் மாமியாருக்கும் முடியல.”

“இருக்காங்க சார். அம்மாவை எப்படிப் பாத்துக்கிட்டாங்க?”

“அதை ஏன் கேக்கறீங்க! ஒரு முனகல் கிடையாது. தூக்கத்துலயே போயிட்டாங்க.”

மாமியாரும் மூன்றாவது மாதம் தூக்கத்திலேயே போனார். ஜவுளிக்கடைக்காரர் நன்றிக் கடிதம் எழுதினார். நிலையத்தின் வரவேற்பறையில் அது ரொம்ப நாள் தொங்கியது. வாடிக்கையாளர் திருப்தி.

பன்னிரண்டாவதாக அவள் போன வீட்டில் ஒரு தவறு நேர்ந்தது. நோயாளி தப்பான ஆள்.

பஸ் டிப்போவில் முப்பத்திரண்டு வருடம் டைம்கீப்பராக இருந்தவர். வயது எழுபத்தெட்டு. குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு. மனைவி இல்லை, வங்கியில் வேலை பார்க்கும் மகளோடு இருந்தார். மகள் காலை எட்டரைக்குப் போனால் சாயங்காலம் ஐந்தரைக்கு வருவாள். வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை மணிக்கு வந்தது என்று டிரைவர் எழுதிக்கொண்டு வரும் தாளைக் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அவருடைய வாழ்நாள் வேலை. வராத வண்டியை வந்ததாக எழுதிவிட்டுப் பாதி வழியில் டீ குடித்த டிரைவர்கள் எத்தனையோ பேரைச் சந்திக்கு இழுத்தவர்.

அவள் வந்த இரண்டாம் நாளே காலை ஒன்பது மணிக்குக் கிழவர் கட்டில் காலிலிருந்த அட்டையைக் கேட்டு வாங்கினார். பார்த்தார். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார்.

“ஏம்மா, மணி ஒம்போது. சாயங்காலம் நாலு மணிக்கு நான் பால் குடிச்சிருக்கேன். நல்லா இருந்துச்சா?”

“எல்லா இடத்துலயும் இப்படித்தாம்ப்பா எழுதறது.”

“வண்டி டிப்போவ விட்டுக் கிளம்பவே இல்ல, அதுக்குள்ள ஊர் போய்ச் சேந்துருச்சுன்னு எழுதறியே, உனக்கு எவன் லைசன்ஸ் குடுத்தான்?”

பஞ்சை நனைத்து அவர் முகத்தைத் துடைத்தாள். நாலு மணிக்குப் பால் வந்தது, நொடி பிசகாமல். அதுதான் அவருக்கு இன்னும் எரிச்சல்.

மகளிடம் சொன்னார். “அப்பா, உங்களுக்குப் பொழுது போகலன்னா டிவி பாருங்க. இந்த மாதிரி ஆள் கிடைக்கிறதே பெருசு” என்றாள். நிலையத்துக்கே போன் செய்தார்.

“புகார் குடுக்கணும் சார், நீங்க எழுதிக்குங்க.”

“நாங்க எழுத முடியாதுங்க ஐயா. புகார்னா தாள்லதான் வரணும். கடைசிக் கட்டம்.”

“அதை அந்தப் பொண்ணுல்ல எழுதுது?”

“ஆமா. அவங்கதான் எழுதணும்.”

“அவ மேல இருக்கற புகாரை அவளே எழுதணுமா?”

“ரூல் அப்படிங்கய்யா. இதுவரைக்கும் ஒரு பிரச்சினையும் வந்ததில்ல.”

அன்று முதல் பஞ்சு சிஸ்டரின் தாளில் ஒரு புதுச் சொல் சேர்ந்தது: “பிதற்றுகிறார்.” ஒவ்வொரு நாளும், உருண்டையான எழுத்தில். மகள் வாரா வாரம் அதைப் படித்துக் கண் கலங்கிக் கையெழுத்துப் போட்டாள். அவர் வாயிலிருந்து இனி எது வந்தாலும் அதற்கு மதிப்பில்லை என்பது முறைப்படி பதிவாகிவிட்டது.

மூன்றாவது மாதம் வந்தது. தட்டு சமையலறை மேடைக்குப் போனது. மகள், “இந்தாம்மா, அப்படியே அந்தக் குக்கரையும் கழுவிடு” என்றாள். உள்ளே கிடந்த டைம்கீப்பர் காதிலும் அது விழுந்தது. ஒரு வியாழக்கிழமை காலை, மகள் போன பிறகு, வழக்கம்போல அட்டையை வாங்கினார். பத்து மணி, சரி. ஒரு மணி, சரி. நாலு மணி: பால் குடித்தார். அதற்குக் கீழே ஆறு மணிக் கட்டத்திலும் எட்டு மணிக் கட்டத்திலும் எழுத்து இல்லை. அளவுகோல் வைத்து இழுத்த ஒரு கோடு.

காலிக் கட்டம் விடாதவள் கோடு இழுத்திருக்கிறாள். டைம்கீப்பருக்கு அந்தக் கோடு தெரியும். நாளின் கடைசி டிரிப் முடிந்து வண்டி ஷெட்டுக்குள் போய்விட்டால், மிச்சமிருக்கும் நேரங்களுக்கு அவரும் அப்படித்தான் கோடு இழுப்பார். இந்த வண்டிக்கு இனி டிரிப் இல்லை.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. மற்ற பதினொரு பேரும் தாளைப் பார்த்ததில்லை. பார்த்த குடும்பங்களும், எல்லாம் முடிந்த பிறகு, கண்ணீரோடு பார்த்தவை. கொலை செய்யப்போகும் அன்றுகூடக் காலை எட்டு மணிக்கு உட்கார்ந்து கட்டம் நிரப்புவது அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய பழக்கம்.

போன் எங்கே என்று பார்த்தார். அலமாரியின் மேல்தட்டில் சார்ஜில் கிடந்தது. நான்காவது மாடி, எதிர்வீட்டில் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். கத்தினால் பிதற்றல். கால் ஒரு அங்குலம் நகராது. மகள் வருவது ஐந்தரை. பால் நாலுக்கு. இடையில் ஒன்றரை மணி நேரம். ஒரு ஆள் உயிரோடிருக்க அவ்வளவுதான் வேண்டும். அதற்கு அவரிடம் இருந்தது வாய் ஒன்றுதான்.

நாலு அடித்தது. பால் வந்தது.

“குடிங்கப்பா.”

“வை. ஆறட்டும்.”

“ஆத்தித்தான் கொண்டாந்தேன்.”

“அட்டையக் குடு.” வாங்கி, நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டார். “மணி நாலு ரெண்டு. நாலு மணிக்குப் பால் குடித்தார்னு இருக்கு. நான் குடிக்கல. தாள் பொய் சொல்லுதே சிஸ்டர்.”

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். “இப்பக் குடிச்சா சரியாப் போயிடும்.”

“குடிக்கிறேன். யாரு மாட்டேன்னா? அதுக்கு முன்னாடி ஒரு புகார் எழுதிக்க.”

“என்ன புகாருப்பா?”

“அதான் இல்லைன்னு நீயே எழுதிட்டியே. அதை அடிச்சுட்டு, உண்டுன்னு எழுது. எழுதின கையோட நானே வாங்கிக் குடிச்சுடறேன்.”

“என் தாள்ல அடிச்சு எழுதற வழக்கம் இல்ல.”

“எனக்கும் லேட்டா வந்த வண்டிய விடற வழக்கம் இல்ல. நாலு ஏழு.”

பிடித்து ஊற்றியிருக்கலாம். ஆனால் வாயைத் திறந்து ஊற்றினால் கன்னத்தில் விரல் பதியும். பதிந்தால் நிம்மதியாகப் போனார் என்று எழுத முடியாது. அவள் நின்றாள். அவர் நேரம் சொன்னார். நாலு பதினைந்து. நாலு இருபத்திரண்டு. ஒவ்வொரு நிமிடத்துக்கும் அவள் முகம் சுருங்கியது; யாரோ தேய்த்த துணியைக் கசக்குவதுபோல.

“அடம் பிடிக்காதீங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

“இதுவரைக்கும் எத்தன பேருக்கு நல்லது பண்ணியிருக்க?”

அவள் திடுக்கிடவில்லை. யோசித்தாள். பிறகு, “யாரும் குறை சொன்னதில்ல” என்றாள்.

தான் முதல் ஆள் இல்லை என்று கிழவருக்கு அப்போதுதான் புரிந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. டிப்போவில் தான் பிடித்த டிரைவர்களின் கதைகளை ஒவ்வொன்றாக எடுத்து விட்டார். எவன் எந்த நிறுத்தத்தில் பொய் சொன்னான், எப்படி மாட்டினான், மாட்டியதும் எப்படிக் காலில் விழுந்தான். அவள் பால் தம்ளரைத் தட்டோடு பிடித்தபடி கட்டிலருகில் உட்கார்ந்தாள். எழுந்து போகவும் இல்லை. பாலைக் கொட்டவும் இல்லை. தாளில் பால் குடித்தார் என்றல்லவா இருக்கிறது, எப்படிக் கொட்டுவது? பாலின் மேல் ஆடை படிந்து, சுருங்கி, மஞ்சளாயிற்று.

ஐந்து முப்பத்திரண்டுக்குக் கதவில் சாவி திரும்பியது.

மகள் வந்தாள், வங்கியின் களைப்பு முழுவதையும் முகத்தில் சுமந்துகொண்டு. கைப்பையைக் கீழே போட்டாள்.

“என்னப்பா, பால் அப்படியே இருக்கு? இந்தாம்மா, உன்னை எதுக்கு வச்சிருக்கேன்? இதக்கூடக் குடுக்க முடியாதா?”

“ஏம்மா, அதுல என்னமோ கலந்திருக்கா. அட்டையப் பாரு. ஆறு மணிக்கு மேல எனக்குக் கோடு இழுத்திருக்கா.”

“ஆரம்பிச்சுட்டீங்களா? வந்ததும் வராததுமா?”

“படிச்சுத்தான் பாரேன்!”

“வாரா வாரம் படிச்சுக்கிட்டுத்தான இருக்கேன், பிதற்றுகிறார், பிதற்றுகிறார்னு. எனக்குத் தலை வெடிக்குதுப்பா. மத்தியானம் சாப்பிடல. இந்தப் பால் ஒண்ணும் கெட்டுப்போயிடல.” தம்ளரை எடுத்தாள். ஆடையை விரலால் ஒதுக்கினாள்.

“வைடி கீழ!” கிழவர் எழப்பார்த்தார். மாவுக்கட்டு விடவில்லை. அவ்வளவு நேரம் தன் உயிருக்காகப் பேசியவருக்கு இப்போது பேச்சே வரவில்லை. கை மட்டும் காற்றில் துழாவியது. மகள் அவரைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுத் தம்ளரை உதட்டுக்குக் கொண்டுபோனாள்.

“அது வேணாம்மா,” என்றாள் பஞ்சு சிஸ்டர்.

“ஏன்?”

சத்தமில்லாமல் எழுந்து வந்து, மகளின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தம்ளரை வாங்கி மேசை நடுவில் வைத்தாள். இதை மனசாட்சி என்று யாராவது எழுதினால் நான் சண்டைக்கு வருவேன். மனசாட்சி இருந்தால் பதினொரு முறையும் எங்கே போயிருந்தது? அந்தத் தாளில் இருந்தது அப்பாவின் பெயர். மகளின் பெயர் இல்லை. அவ்வளவுதான்.

மகள் தம்ளரைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். பிறகு, மூன்று மாதத்தில் முதல்முறையாக அந்த வெள்ளைக் கோட்டுக்காரியின் முகத்தைப் பார்த்தாள். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பஞ்சு சிஸ்டர் கிழவரின் நெஞ்சின் மேலிருந்து அட்டையை எடுத்தாள். கண்ணாடியைச் சரிசெய்தாள். கைப்பையிலிருந்து அளவுகோலை எடுத்து, கடைசிக் கட்டத்தில் “இல்லை” என்ற சொல்லின் நடுவில் வைத்து, நேராக ஒரு கோடு இழுத்தாள். அதன் மேலே இருந்த சின்ன இடத்தில், அதே உருண்டை எழுத்தில், “பால் சரியில்லை” என்று எழுதினாள். கடிகாரத்தைப் பார்த்து நேரம் போட்டாள். ஐந்து முப்பத்தெட்டு. கீழே தன் கையெழுத்தைப் போட்டு, அட்டையைக் கட்டில் காலில் மாட்டினாள்.